டக் என்று சொன்ன ஸ்பேனர்

அன்பு மாப்பிள்ளைக்கு, பொண்ணைக் கொடுத்தவன் என்ற உரிமையில் உங்கள் வீட்டுச் சோற்றைப் பாதி காலி செய்த மச்சான் ஏழுமலை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். வண்டி ஆடும் என்று சொன்னேன். ஓடித்திரிந்தே ஒரு வருஷம் தீரும் என்று சொன்னேன். கேட்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்பதால் சொன்னது சொல்லாததாகிவிடுமா?

நம் பிளாக் நலச் சங்கத்து ஆண்டு மலரில் இறந்தவர்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்குவார்கள். ஒரு போட்டோ, இரண்டு வரி, முடிந்தது. நான் செயலாளரிடம் போய் நான்கு பக்கம் கேட்டேன். "யோவ் ஏழுமல, உன் மாப்ள இன்னா மந்திரியா?" என்றார். "மந்திரிக்கி அரைப் பக்கம் போதுங்க. வாயத் தொறந்தா உள்ளத மட்டும் பேசுன மனுஷனுக்கு நாலு வேணும்" என்றேன். அவர், "உனக்கு ஒதுக்குனா நாப்பது பக்கம் ஆவும். சரி, நாலுலயே நிறுத்திக்க" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகள் பாப்பாதான் தட்டச்சு செய்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

களைப்பாக இருக்கிறது மாப்பிள்ளை. நீங்கள் இருந்தபோது எனக்குக் களைப்பு என்றால் என்னவென்றே தெரியாது. ஏனென்றால் வேலையெல்லாம் நீங்கள் பார்த்தீர்கள், பேச்சை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன்.

கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது என் தங்கச்சி மல்லிகா வாசல் குழாயை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தாள். நீங்கள் வாஷர் மாற்றி வைத்த குழாய். சொட்டவில்லை. இப்போது முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு வாடகை வீடு. இங்கே மின் நிலையத்துச் சாம்பல் விழுவதில்லை, ஷிப்ட் சங்குச் சத்தம் கேட்பதில்லை. மல்லிகாவுக்கு அதுவே பெரிய குறை. நேரம் எப்படித் தெரியும் என்கிறாள். கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள்.

பாப்பா வெண்ணிலா கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தினமும் உங்கள் வெள்ளைக் காரைத்தான் எடுத்துக்கொண்டு போகிறாள். பண்ருட்டி, திருவதிகை தாண்டி, கடலூர். நீங்கள் நகரியத்து அகல ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஓட்டம்தான். பாதியில் நின்றுபோனதை அவளே முடித்துக்கொண்டாள்.

அந்தக் காரை விற்றுவிடுவது என்றுதான் முதலில் மல்லிகா இருந்தாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒருத்தர் வந்து பார்த்தும் போனார். அப்போதுதான் நான் உங்கள் கடைசி வார்த்தையைச் சபையில் வைத்தேன். படிக்கிறவர்களுக்குத் தெரியாது என்பதற்காக உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே திருப்பிச் சொல்கிறேன். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் மல்லிகாவும் பாப்பாவும் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். நான் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில். நீங்கள் மூஞ்சியில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை லேசாக விலக்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், வண்டிய விக்காதீங்க. பாப்பா ஓட்டட்டும்" என்றீர்கள். நான் இதைச் சொன்னதும் விற்கிற பேச்சு அதோடு நின்றது. குறிஞ்சிப்பாடிக்காரர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். பாப்பா உள்ளே போய்ச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அதுவரை அவளுக்கு ஹைவேயில் ஓட்டப் பயம். அன்றோடு பயம் போயிற்று. ஒரு வார்த்தை அவ்வளவு வேலை செய்தது.

ஆட்டம் ஆரம்பித்தது நான்கைந்து மாதத்துக்கு முன்னால். மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள் பாப்பா. வண்டி எண்பதில் வந்துகொண்டிருக்கிறது. முன்னால் போன பஸ் நின்றதும் பிரேக்கை அழுத்தியிருக்கிறாள். ஸ்டீயரிங் இரண்டு கையிலும் தடதடவென்று ஆடியிருக்கிறது. வேகம் குறைந்ததும் நின்றுவிட்டது.

மல்லிகா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள். "அண்ணே, அது அவரு கையிண்ணே. கடைசியா டம்ளரப் புடிக்க சொல்ல எப்பிடி ஆடுச்சோ அதே மாரி ஆடுது. பொம்பளப்புள்ள ஓட்டிக்கினு போறது அவருக்குப் புடிக்கல. வித்துடலாம்."

எனக்குத் திக்கென்று ஆனது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். "அவரே விக்காதன்னு சொன்னாரும்மா. சொன்னவரே வந்து ஆட்டுவாரா? இது மிஷின் சமாச்சாரம். அண்ணன் பாத்துக்கறேன்" என்றேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும். இருபத்தாறு வருஷம் நிலக்கரி மைன்ஸில், மண் ஏற்றிக் கொட்டுகிற டம்பர் லாரிகளுக்கு டயர் மாட்டியவன் நான். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் டயர். காண்ட்ராக்ட் ஆள்தான், பெர்மனென்ட் ஆகவில்லை. ஆனால் நான் லீவு போட்டால் மைன்ஸே அரை நாள் நிற்கும். சரி, அரை நாள் இல்லை. என் ஷிப்டில் டீ வர லேட்டாகும். அது நிச்சயம்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு சின்னக் காரின் ஸ்டீயரிங் ஆட்டம் எந்த மூலைக்கு? முதலில் சாம்பல் என்றேன். இத்தனை வருஷம் நகரியத்தில் நின்ற வண்டி, அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஸ்டீயரிங் பெட்டிக்குள் இறங்கியிருக்கும் என்றேன். இரண்டு நாள் வண்டியைக் கழுவினேன். அப்புறம் ரோட்டைக் குறை சொன்னேன். அப்புறம் பாப்பாவையே குறை சொன்னேன். "நீ பிரேக்க மிதிக்கிற, உங்கப்பா பிரேக்க தடவுவாரு" என்றேன்.  அவளுக்கும் உங்களை மாதிரியே, வாயை மூடிக்கொண்டே எதிராளியைத் தோற்கடிக்கிற பழக்கம்.

கடைசியில் மந்தாரக்குப்பம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிற சூசையிடம் கொண்டுபோனேன். உங்களுக்குத் தெரிந்த சூசைதான், கிறிஸ்துமஸுக்கு நமக்குக் கேக் அனுப்புவாரே, அவர். பாப்பா வேலைக்கு பஸ்ஸில் போய்விட்டாள். வண்டிக்கு வாயாக நான் போனேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

சூசை நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து டாக்டர் மாதிரி கேட்டார். "சும்மா போவ சொல்லவும் ஆடுதா, பிரேக் போட்டா மட்டுந்தானா?"

"எல்லாத்துலயும் ஆடுது" என்றேன்.

"கையில தெரியுதா, சீட்டுல தெரியுதா?"

"கையி, சீட்டு, கண்ணாடி, பின்னால தொங்குற பொம்ம, எல்லாம் கூத்து ஆடுது சூச. நான் நூத்திருபதுல ஓட்டிப் பாத்துட்டேன்."

நான் வண்டியை ஷெட் வரைக்கும் நாற்பதைத் தாண்டாமல்தான் ஓட்டி வந்திருந்தேன். ஆனால் "ஸ்டீயரிங் கொஞ்சம் ஆடுது" என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் ஷெட்டுக்குப் போவானா? போனால் மரியாதை இருக்குமா?

சூசை பாவம், நம்பிவிட்டார். எப்போதும் ஆடினால் சக்கரத்தின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்று பேலன்சிங்குக்கு அனுப்பினார். அங்கே மிஷினில் மாட்டிச் சுற்றி, குட்டிக் குட்டி ஈயத்துண்டுகள் ஒட்டினார்கள். அலைன்மென்ட்டும் பார்த்தார்கள். சக்கரத்தைக் கழற்றும்போது அந்தப் பையன்கள் நட்டைத் திருப்ப ஏதோ கஷ்டப்பட்டதும், ஏதோ முனகியதும் காதில் விழுந்தன. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்து, "முடிஞ்சுது. இனிமே சாமி ஊர்வலம் மாரி போவும்" என்று பாப்பாவிடம் சாவியைக் கொடுத்தேன்.

"நல்லாப் பாத்துட்டாங்களா மாமா?"

"நான் கூடவே நின்னேம்மா."

மறுநாள் காலையிலேயே அது நடந்தது. திருவதிகையைத் தாண்டி ஒரு வளைவு. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் திடீரென்று நிற்கிறது. சரியாகிவிட்டது என்று நம்பி எண்பதில் வந்தவள் பிரேக்கை அழுத்தியதும் ஸ்டீயரிங் முன்னைவிட மோசமாக ஆடியிருக்கிறது. எதிர்பார்க்காததால் பிடி நழுவியிருக்கிறது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் ஓடி, ஒரு புளியமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. எவ்வளவு தள்ளி என்று நான் எல்லாருக்கும் ஒரு சாண் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாப்பா இரண்டு ஆள் நீளம் இருக்கும் என்கிறாள். இரண்டு ஆள் நீளம் என்றால் மட்டும் எனக்குத் தூக்கம் வந்துவிடுமா மாப்பிள்ளை?

எனக்குப் போன் பண்ணினாள். அழவில்லை. "மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க. நீங்க வாங்க. நானே சூசை அண்ணன்கிட்ட பேசணும்" என்றாள். நான் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் ஊர் எது என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

வண்டியை முப்பதுக்கு மேலே போகாமல் உருட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டோம். சூசை அதே கேள்விகளை அவளிடம் கேட்டார்.

"சும்மா போனா ஆடாதுண்ணே. பிரேக் பிடிச்சா மட்டும்தான். அறுபதுக்குக் கீழ தெரியாது, எண்பதுல நல்லாத் தெரியுது. கையில மட்டும். சீட்ல இல்ல. பிரேக் பெடல் லேசா காலைத் திருப்பித் தள்ளுற மாதிரி இருக்கு."

சூசை என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் ஏழுமல, இத்த நீ சொல்லியிருந்தினா அன்னிக்கே முன் சக்கரத்து டிஸ்க்குன்னு சொல்லியிருப்பேனே. பின்னால கோளாறுன்னா சீட்டுல தெரியும். எப்பவும் ஆடுனா பேலன்ஸு. பிரேக்குல மட்டும், கையில மட்டும்னா முன் டிஸ்க்கு. இதுக்குப் போயி இன்னாத்துக்கு நூத்திருபதுன்ன?"

நான் போய் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். 

ஜாக்கி வைத்தார்கள். முன் சக்கரத்து நட்டைக் கழற்ற சூசை ஸ்பேனரை மாட்டி இழுத்தார். அசையவில்லை. ஏறி நின்றார். அசையவில்லை. கடைசியில் ஒரு நீள இரும்புப் பைப்பை ஸ்பேனர் கைப்பிடியில் சொருகி இழுத்ததும் கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. பக்கத்து நட்டு சாதாரணமாக வந்தது. அதற்கடுத்தது மறுபடி பைப்பு கேட்டது.

"எந்த மடையன் இத்த முடுக்குனது?" என்றார் சூசை. "பேலன்சிங் பசங்களா?"

சொல்லிவிட்டிருக்கலாம் மாப்பிள்ளை, ஆமாம் என்று. அந்தப் பையன்கள் அங்கே இல்லை, மறுக்கவும் மாட்டார்கள். பாப்பா டயர் பக்கத்தில் குந்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு உங்கள் கண். நான், "அந்த மடையன் நாந்தான் சூச" என்றேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்த வாரம் முன் சக்கரத்தில் ஒரு ஆணி குத்தியது. ஸ்டெப்னி மாற்றியது நான். டம்பர் டயருக்குச் செய்கிற பழக்கம் கையில் அப்படியே இருக்கிறது. ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, அதன்மேல் ஏறிக் குதித்து முடுக்குவோம். மைன்ஸில் அப்படி முடுக்கினால்தான் மேஸ்திரி "ம்" என்பார். பாப்பா தனியாக ஓட்டப்போகிற வண்டி, நட்டு கழன்றுவிட்டால் என்ன ஆவது என்று பயம். அதனால் நல்லாயிருந்த மற்ற முன் சக்கரத்தையும் சேர்த்து அதேமாதிரி முடுக்கினேன். ஒரு நட்டில் முழுப் பலம், அடுத்ததில் மூச்சு வாங்கியதால் பாதிப் பலம். பேலன்சிங் முடிந்து வந்த சாயந்திரமும், பையன்கள் முடுக்கியது போதாது என்று மறுபடி அப்படியே பைப்பு போட்டேன். பாசத்தில் செய்தது. பாசம் எத்தனை கிலோ என்று எவன் அளந்தான்?

சூசை சக்கரத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்த டிஸ்க் தட்டின்மேல் முள் வைத்த ஒரு கருவியைப் பொருத்தினார். தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினார். முள் நேராக நிற்க வேண்டும். அது போய்ப் போய் வந்தது. "பாரும்மா" என்று பாப்பாவுக்குக் காட்டினார். "ஒரு நட்ட இழுத்துக் கட்டி, ஒண்ண வுட்டுட்டா, தட்டு ஒரு முடி அளவு கோணிக்கினு உக்காரும். ஒவ்வொரு சுத்துக்கும் பிரேக் கட்ட ஒரே எடத்துல ஒரசும். ஓட ஓட அந்த எடம் தேஞ்சி, தட்டு ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் சன்னம் ஆயிடும். அப்புறம் வேகத்துல பிரேக் புடிச்சா கட்ட தூக்கித் தூக்கிப் போடும். அதான் உன் கையில ஆடுனது."

ஒரு முடி அளவு. அதற்குப் புளியமரம்.

அப்புறம்தான் சூசை டிக்கியைத் திறந்தார். உங்கள் பழைய காக்கிச் சட்டையில் சுற்றி ஒரு நீள ஸ்பேனர் இருக்கிறதே, அதை எடுத்தார். "இத்த வச்சிக்கினா பைப்பு தேடுன?" என்றார்.

அதை நான் ஸ்டெப்னி மாற்றிய அன்றைக்கே பார்த்தேன். எடுத்து முடுக்கியும் பார்த்தேன். பாதியில் டக் என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி டக். உள்ளே ஏதோ பல் உடைந்துவிட்டது, மாப்பிள்ளை உடைந்த சாமானைக்கூடத் தூக்கிப்போட மனசில்லாமல் துணி சுற்றி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். உங்களுக்காகக் கொஞ்சம் அழுதேன்கூட. அப்புறம்தான் பைப்பைத் தேடிப் போனேன்.

சூசை சிரித்த சிரிப்பில் ஷெட் பூனை எழுந்து ஓடிவிட்டது. "யோவ், அது ஒடையலய்யா. டக்குனா போதும்னு அர்த்தம். இவ்ளோ பலந்தான்னு நம்பர் வச்சி முடுக்குனா, அந்த அளவு வந்ததும் அதுவே சொல்லும். அவரு மைன்ஸு கன்வேயர் பெல்ட் செக்ஷன்ல போல்ட்டுக்கு இத்தத்தான் வச்சிருந்தாரு. டிக்கி மூடியில நம்பரே எழுதி வச்சிருக்காரு பாரு."

நிமிர்ந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கம், வெள்ளைப் பெயிண்டில், உங்கள் கையெழுத்து. அந்த எண்ணை உங்கள் மைன்ஸ் டோக்கன் நம்பர் என்று நினைத்து ஒரு வருஷமாகத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஒரு தடவையாவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பீர்கள். நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

முன் சக்கரம் இரண்டுக்கும் புது டிஸ்க், புதுப் பிரேக் கட்டை போட்டார்கள். தட்டு உட்காரும் இடத்தில் துருவும் சாம்பலும் அப்பியிருந்ததைப் பாப்பாவே கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் பண்ணினாள். சாம்பல் என்று நான் சொன்னதில் அந்த அளவுக்காவது உண்மை இருந்தது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நட்டை எதிரெதிராக முடுக்க வேண்டும் என்று சூசை காட்டினார். அவள் உங்கள் ஸ்பேனரைப் பிடித்து இழுத்தாள். டக். நிறுத்தினாள். அடுத்தது. டக். நிறுத்தினாள். எட்டு நட்டுக்கும் நான் நின்று கேட்டேன். ஒவ்வொரு டக்குக்கும் நீங்கள் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாயை மூடிக்கொள்வது மாதிரியே இருந்தது.

புது கட்டைக்குக் கொஞ்ச தூரம் மெதுவாகப் பழக்கம் வேண்டும் என்றார் சூசை. ஒரு வாரம் அப்படியே ஓட்டினாள். அடுத்த ஞாயிறு காலை, பண்ருட்டி ரோட்டில் வெறிச்சென்று இருந்த இடமாகப் பார்த்து வண்டியை எண்பதுக்கு ஏற்றினாள். பக்கத்தில் நான். பின்னால் மல்லிகா. மரத்துக் கதையை அவளிடம் அன்றுதான் சொல்லியிருந்தோம். அவள் இரண்டு கையாலும் என் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பிடிக்கப்போறேன்" என்றாள் பாப்பா.

பிடித்தாள். வண்டி குனிந்து, வேகம் இறங்கி, ஓரமாக நின்றது. ஸ்டீயரிங் அசையவே இல்லை. பாப்பா இரண்டு உள்ளங்கையையும் விரித்து அதன்மேல் சும்மா வைத்துக் காட்டினாள்.

 திரும்பிப் பார்த்தேன். மல்லிகா வெளியே முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அது அவரு இல்லியாண்ணே?" என்றாள். "இன்னொரு வாட்டி புடிச்சிப் பாக்கச் சொல்லேன். கொஞ்சமாச்சும் ஆடுதான்னு."

பாப்பா வண்டியை எடுத்து மறுபடி எண்பதுக்கு ஏற்றிப் பிடித்தாள். ஆடவில்லை. மூன்றாவது தடவையும். மூன்றாவது தடவை மல்லிகா முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். ரிப்பேர் ஆன வண்டியில் உட்கார்ந்து ஒரு பெண் அழுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த ஆட்டத்தைக் கண்டு பயந்தவளும் அவள்தான். அது போய்விட்டதே என்று அழுதவளும் அவள்தான். இதற்கு நான் என்ன சொல்லட்டும்?

வீட்டுக்கு வந்து மல்லிகா உள்ளே போனபிறகு, பாப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "மாமா, அப்பா கடைசியா என்ன சொன்னாரு? திரும்பச் சொல்லுங்க."

நான் இதற்கு எப்போதும் தயார். "மச்சான், வண்டிய விக்காதீங்க. பாப்பா ஓட்டட்டும். ஆனா மெதுவா ஓட்டச் சொல்லுங்க. பிரேக்க பாத்துப் புடிக்கச் சொல்லுங்க" என்றேன்.

துணியைப் பிழிந்தாள். "முதல்ல 'பாப்பா ஓட்டட்டும்'னு மட்டும் சொன்னீங்க. மெதுவாங்கறது பொங்கலுக்கு வந்துச்சு. பிரேக் இன்னைக்குத்தான் வருது."

"வயசாவுதும்மா. ஒண்ணொண்ணா ஞாபகம் வருது."

"ம்" என்றாள். அவ்வளவுதான். சூசை தட்டைச் சுற்றிவிட்டு முள்ளைப் பார்த்த மாதிரி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை மாப்பிள்ளை. சூசையிடம் நான் ஆட்டத்தைக் கூட்டிச் சொன்னதால் அவள் மரத்தடியில் போய் நின்றாள். பைப்பு போட்டதை ஒப்புக்கொண்டேன், அது பெரிதில்லை, கையின் தப்பு. வாயின் தப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. அவள் தினமும் காலையில் எதை நம்பி அந்தச் சாவியைத் திருப்புகிறாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு சத்தியம் செய்கிறேன். இனி உங்கள் வண்டியின் எந்த நட்டும் உங்கள் ஸ்பேனர் இல்லாமல் முடுக்கப்படாது. டக் என்றதும் கையை எடுத்துவிடுவேன். இதைத் தட்டச்சு செய்து முடித்தபிறகு பாப்பா வண்டியை வைத்துக்கொண்டாலும் சரி, விற்றாலும் சரி, மறுபடி பஸ்ஸில் போனாலும் சரி, நான் அதற்கு மேலே ஒரு சொல் சேர்க்க மாட்டேன். நான்கு பக்கம் முடியப்போகிறது.

வெண்ணிலா, இந்த இடத்தை மெதுவாகத் தட்டு.

மாப்பிள்ளை, அன்று மத்தியானம் நீங்கள் மாஸ்க்கை விலக்கவில்லை. என் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்க முடியாது, நான் அறையிலேயே இல்லை. அவர்கள் மருந்து வாங்கப் போகும்போது, "மாமா, அப்பாவ விட்டு நகராதீங்க" என்று பாப்பா சொல்லிவிட்டுப் போனாள். நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நான் கீழே இறங்கி, டீக்கடையில் நின்று, மைன்ஸில் டம்பர் ஓட்டிய கதையைக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். டம்பரும் நான் ஓட்டியதில்லை. மேலே வந்தபோது உங்கள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். வாசலில் வந்து நின்ற பிள்ளை, "அப்பா ஏதாவது சொன்னாரா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். "சொன்னாரும்மா" என்றேன். என்ன சொன்னீர்கள் என்பதை அப்புறம்தான், குறிஞ்சிப்பாடிக்காரர் வந்த அன்றுதான், யோசித்து வைத்தேன்.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மல்லிகாவின் அண்ணன், வெண்ணிலாவின் தாய்மாமன்,
அன்று டீ குடிக்கப் போயிருந்த உங்கள் மச்சான்
ஏழுமலை